கர்க்லாண்டிலிருந்து திரும்பிப் பார்க்கையில்: பேராசிரியர் சேனக பிபிலேயும் மருந்துச் சட்டமும்

மொன்றியலில் இருந்து ரொறன்ரோவுக்குக் கலியாண வீட்டுக்கோ செத்த வீட்டுக்கோ போகும் எம்மவர்களுக்கு, 40ஆம் இலக்க நெடுஞ்சாலையில் வரும் கர்க்லாண்ட் பெரும்பாலும் கடந்து போகும் ஓர் ஊர்தான். சாலையோரத்தில் பெரிய கட்டடங்கள் தெரியும். பைசர் நிறுவனத்தின் கனடியத் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. மேர்க் நிறுவனத்தின் கனடியக் கிளையும் அதே சாலையோரம்தான். மொன்றியல் தீவின் மேற்குப் பகுதியிலுள்ள மருந்துத் தொழிற்சாலைகளில் எம்மவர் பலர் இரவு பகலாக வேலை பார்த்து, அந்தச் சம்பளத்தில் வீடு வாங்கிப் பிள்ளைகளைப் படிப்பித்திருக்கிறார்கள். எனவே இந்தக் கட்டடங்களை வெறுப்போடு பார்க்க எமக்கு எந்தக் காரணமும் இல்லை.

ஆனாலும் மருந்து வாங்கப் போகும்போது எம் வீடுகளில் ஒரு தயக்கம் எழுவதுண்டு. அதே மருந்து வேறு பெயரில் மலிவாக இருக்கிறது, அதைத் தரட்டுமா என்று மருந்தாளர் கேட்பார். எங்கள் அம்மா, அப்பாமார் யோசிப்பார்கள். மலிவான மருந்து வேலை செய்யுமோ என்ற பயம் அவர்களுக்கு. இந்தச் சின்னக் கேள்வியை அரை நூற்றாண்டுக்கு முன்னர் ஒரு நாட்டின் கேள்வியாகவே ஆக்கியவர் எங்கள் தீவில் பிறந்த ஒருவர். அவர் பேராசிரியர் சேனக பிபிலே. அவருடைய வாழ்க்கையை இங்கே சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறோம். மருந்து பற்றிய ஒரு நல்ல கொள்கை எப்படிப் பிறக்கிறது, அதை யார் எந்த வழியில் சாய்க்கிறார்கள் என்பதை விளங்கிக்கொள்ள அது உதவும்.

சேனக பிபிலே 1920ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் திகதி பிறந்தார். ஊவாப் பகுதியிலுள்ள பிபிலே என்ற ஊரின் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்ட, நிலமும் செல்வாக்கும் உடைய கண்டியச் சிங்களக் குடும்பம் அது. கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்து, 1940களின் தொடக்கத்தில் கொழும்பு மருத்துவ பீடத்துக்குப் போனார். தமிழரான பேராசிரியர் மில்றோய் போல் அங்கே சத்திரசிகிச்சை கற்பித்த காலம் அது. பிபிலே முதல் வகுப்பில், பதக்கங்களோடு தேறினார்.

அப்படித் தேறிய ஒருவருக்கு அன்று இரண்டு வழிகள் திறந்திருந்தன. ஒன்று, கொழும்பில் தனியார் மருத்துவராக இருந்து பெரும் பணம் தேடுவது. மற்றது, அரச வைத்தியசாலையில் நிபுணராகப் புகழ் தேடுவது. பிபிலே இரண்டையும் விட்டு மருந்தியலைத் தேர்ந்தார். நோயாளியின் கட்டிலருகே நிற்காத, அதிகம் பேர் விரும்பாத துறை அது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1958இல் மருந்தியல் பேராசிரியரானார். பின்னர் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்து, மருத்துவ மாணவருக்கு எப்படிக் கற்பிப்பது என்பதையே ஒரு துறையாக அங்கே வளர்த்தார். அரசியலில் அவர் லங்கா சமசமாஜக் கட்சிக்காரர்.

மருந்தியலைக் கற்பித்த காலத்தில் அவர் கண்டது என்ன? ஒரே மருந்து பல பெயர்களில், பல விலைகளில் விற்கப்பட்டது. இதை விளங்க ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பனடோலையே எடுத்துக்கொள்வோம். பனடோல் என்பது ஒரு வணிகப் பெயர். அதற்குள் இருக்கும் மருந்தின் பெயர் பரசிற்றமோல். பரசிற்றமோலை யாரும் செய்யலாம். பனடோல் என்ற பெயரை ஒரு நிறுவனம் மட்டுமே போடலாம். பெயருக்குக் கொடுக்கும் காசு வேறு, மருந்துக்குக் கொடுக்கும் காசு வேறு. சளிக்கும் காய்ச்சலுக்கும் வாங்கும் குளிசையில் இந்த வேறுபாடு சில சதங்கள்தான். வாழ்நாள் முழுதும் சாப்பிட வேண்டிய நீரிழிவு மருந்திலும், உயிர்போகும் நேரத்தில் வேண்டிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்திலும் அது பல மடங்காகிவிடும்.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். பட்டம் பெற்று வெளியே போன மருத்துவருக்குப் புதிய மருந்துகளைப் பற்றிச் சொல்ல யாரும் இல்லை. அந்த இடத்தை மருந்துக் கம்பனிகளின் விற்பனைப் பிரதிநிதிகள் நிரப்பினார்கள். பையில் மாதிரி மருந்துகளும் வழவழப்பான கையேடுகளும் கொண்டு வந்து, தங்கள் பெயருள்ள மருந்தையே எழுதச் சொல்லிவிட்டுப் போனார்கள். மருத்துவர் எழுதுவதை நோயாளி வாங்குகிறார். நாடோ அதற்கு அந்நியச் செலாவணி கொடுக்கிறது. இந்தச் சங்கிலியில் மருந்து வேண்டியதுதானா, அதன் விலை நியாயமானதா என்று கேட்கும் இடமே இல்லை.

அரச வைத்தியசாலைகளுக்கான மருந்துக் கோவை ஒன்றைத் தொகுக்கும் குழுவில் பிபிலே முக்கிய பங்கு வகித்தார். மருந்துக் கோவை என்றால், எந்தெந்த நோய்க்கு எந்தெந்த மருந்து உண்மையில் வேண்டும் என்று ஆராய்ந்து, அவற்றை வணிகப் பெயரில் அல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரில் பட்டியலிடுவது. வைத்தியசாலைகள் அந்தப் பட்டியலுக்கு உட்பட்டு மருந்து வாங்கின. ஆனால் தனியார் சந்தை அதற்கு வெளியே இருந்தது. அங்கே எதையும் இறக்கலாம், எந்த விலைக்கும் விற்கலாம்.

1970ஆம் ஆண்டுத் தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையிலான ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. அதில் பிபிலேயின் கட்சியும் ஒரு பங்காளி. நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை. மருந்துக்கும் பாணுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஒரே பையில் இருந்துதான் டொலர் எடுக்க வேண்டியிருந்தது. அப்போது பிபிலேயும், மருத்துவரும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் சேர்ந்து, இலங்கையின் மருந்து விநியோகத்தை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று 1971இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதன் பயனாகவே அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் முதல் தலைவர் பிபிலே. ஊரில் ஒசுசல என்ற பெயர்ப் பலகையோடு நாம் பார்த்த அரச மருந்துக் கடைகள் இந்தக் கூட்டுத்தாபனத்தினுடையவைதான்.

பிபிலேயின் திட்டம் சிக்கலானதல்ல. முதலில், தனியார் சந்தையில் இருந்த சுமார் 2,100 மருந்துகளை ஆராய்ந்து, தேவையானவை என்று சுமார் 600ஆகக் குறைத்தார்கள். ஒரே மருந்தின் பல பெயர்களும், பயன் உறுதியாகாத கலவைகளும் இப்படிப் போயின. இரண்டாவதாக, அந்த மருந்துகளை நாடு முழுவதுக்கும் ஒரே இடத்தில் இருந்து, உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்கினார்கள். சிறு சிறு இறக்குமதியாளராக வாங்கும்போது கிடைக்காத விலை, ஒரு நாடாக நின்று வாங்கும்போது கிடைத்தது. மூன்றாவதாக, உள்ளூரில் ஆலை வைத்திருந்த நிறுவனங்களுக்கு வேண்டிய மூலப்பொருளையும் கூட்டுத்தாபனமே வாங்கிக் கொடுக்க முனைந்தது. நான்காவதாக, மருந்தின் சொந்தப் பெயரில் எழுதும்படி மருத்துவர்களைப் பழக்கி, அவர்களுக்கு நடுநிலையான தகவல் தரும் சிற்றிதழ் ஒன்றையும் வெளியிட்டார்கள்.

இவற்றுள் மூன்றாவதுதான் பெரிய இடத்தில் கை வைத்தது. பன்னாட்டு நிறுவனம் ஒன்று இலங்கையில் உள்ள தன் ஆலைக்கு வேண்டிய மூலப்பொருளைத் தன் சொந்தத் தாய் நிறுவனத்திடம் இருந்தே வாங்கும். விலையைத் தானே தனக்கு நிர்ணயிக்கும். உலகச் சந்தையில் அதே பொருள் பல மடங்கு மலிவாகக் கிடைத்தாலும் அது வாங்காது. இதனால் இலாபம் ஆலைக் கணக்கில் தெரியாமல் மூலப்பொருளின் விலையாகவே நாட்டை விட்டு வெளியேறிவிடும். பிபிலேயின் கூட்டுத்தாபனம் இந்த விலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டியது. ஏழை நாடு ஒன்று தன் வாங்கும் பட்டியலை வைத்தே மருந்து உலகின் கணக்கு முறையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த நிகழ்வுகளில் இது முக்கியமானது.

இனி எதிர்ப்பைப் பார்ப்போம். அது மூன்று பக்கத்தில் இருந்து வந்தது.

முதலாவது, உள்நாட்டு மருத்துவர் சிலரிடம் இருந்து. மலிவு மருந்து தரம் குறைந்தது, எதை எழுதுவது என்ற எமது உரிமையில் அரசு கை வைக்கிறது என்றார்கள். இதை முழுக்க முழுக்கக் கம்பனிகளின் குரல் என்று தள்ளிவிட முடியாது. மருந்தின் தரத்தைச் சோதிக்கப் போதிய ஆய்வுகூட வசதி அன்று நாட்டில் இல்லை. புதிய இடங்களில் இருந்து வாங்கும்போது தரம் பற்றிய பயம் நியாயமானதே. எங்கள் அம்மா, அப்பாமாரின் தயக்கமும் அதே பயம்தான். ஆனால் அதற்கு விடை ஆய்வுகூடம் கட்டுவது. பழைய விலைக்குத் திரும்புவது விடையாகாது.

இரண்டாவது, வெளிநாட்டு நிறுவனங்களின் சங்கத்திடம் இருந்து. 1973இல் அமெரிக்க மருந்து உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவர் இலங்கைப் பிரதமருக்கு நேரடியாகக் கடிதம் எழுதி, இந்தத் திட்டம் வெளிநாட்டு முதலீட்டைப் பாதிக்கும் என்ற வகையில் எச்சரித்தார். ஒரு நாட்டு மக்கள் தெரிவுசெய்த அரசின் கொள்கையைப் பற்றி, வேறொரு நாட்டு வியாபாரிகளின் சங்கம் அந்நாட்டுப் பிரதமரிடமே முறையிடும் அளவுக்கு அதற்குத் துணிவும் வழியும் இருந்தன.

மூன்றாவது எதிர்ப்புத்தான் கர்க்லாண்டில் நாம் பார்க்கும் பெயர்ப் பலகையை நினைவுக்குக் கொண்டு வருகிறது. பிபிலேயும் ஒக்ஸ்போர்ட் பொருளியலாளர் சஞ்சய லாலும் சேர்ந்து 1977இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இது பதிவாகியிருக்கிறது. இலங்கையில் கொலரா பரவிய வேளையில், பைசரின் உள்ளூர் ஆலையிடம் ரெற்றாசைக்கிளின் குளிசை செய்து தரும்படி கேட்கப்பட்டது. மூலப்பொருள் கூட்டுத்தாபனம் வேறொரு ஐரோப்பிய நிறுவனத்திடம் மலிவாக வாங்கியது. பைசர் அதை ஏற்றுச் செய்து தரவில்லை. அரசு வெளிநாட்டில் இருந்து விமானத்தில் மருந்தை இறக்க வேண்டியதாயிற்று. அந்த ஆலையை அரசு பொறுப்பேற்க வேண்டும் என்ற பேச்சு அமைச்சு மட்டத்தில் எழுந்தபோது, அமெரிக்கத் தூதர் பிரதமரிடம் நேரில் தலையிட்டார். அதன்பின் ஒன்றும் நடக்கவில்லை.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது, பிரதமருக்கு முன்னால் யார் உட்கார முடிந்தது என்பதை. கொலராவில் கிடந்த கூலித் தொழிலாளியால் உட்கார முடியவில்லை. மருந்தியல் பேராசிரியரால் ஓரளவு முடிந்தது. ஒரு நிறுவனத்தின் சார்பில் ஒரு வல்லரசின் தூதரால் உடனே முடிந்தது. ஆங்கிலத்தில் லொபி என்று சொல்லும் செல்வாக்குத் தேடும் வேலையின் சாரம் இதுதான். எல்லா நேரத்திலும் பெட்டியில் பணம் கைமாற வேண்டும் என்பதில்லை. கதவு யாருக்குத் திறக்கிறது என்பதே போதும்.

இந்த இடத்தில் எம் வாசகர் பலர் மனதில் எழும் கேள்வியை நாம் ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. இது எந்த அரசு? பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைக் கொண்டுவந்து, மருத்துவம் படிக்க நினைத்த எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகளின் கதவை அடைத்த அரசு. 1972 அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதலிடமும் சிங்களத்துக்கு ஆட்சிமொழித் தகுதியும் எழுதிய அரசு. அதை வரைந்த கொல்வின் ஆர். டி சில்வா பிபிலேயின் கட்சித் தலைவர்களுள் ஒருவர். ஒரு காலத்தில் இரு மொழிக்கும் சம உரிமை கேட்ட கட்சி அது. அந்த ஆட்சி எமக்குச் செய்ததை நாம் மறக்கவில்லை. எம்மில் பலர் இன்று மொன்றியலில் இருப்பதற்கான காரணங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க எமக்குத் தெரிய வேண்டும். அரச வைத்தியசாலைக்குப் போன மருந்து யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் மலையகத்துக்கும் போனது. விலை குறைந்தபோது ஏழைத் தமிழருக்கும் குறைந்தது. பின்னர் அந்தக் கொள்கை சாய்ந்தபோது அவர்களுக்கும் சேர்த்தே விலை ஏறியது. ஓர் அரசின் அநீதியைக் கண்டிப்பதற்காக அதே காலத்தில் நடந்த ஒரு நல்ல வேலையை நாம் மறைக்கத் தேவையில்லை.

பிபிலேயின் வேலையை உலகம் கவனிக்கத் தொடங்கியிருந்தது. 1976 ஓகஸ்டில் கொழும்பில் கூடிய அணிசேரா நாடுகளின் உச்சிமாநாடு, மருந்தை வளர்முக நாடுகள் சேர்ந்து வாங்குவதும் உற்பத்தி செய்வதும் பற்றித் தீர்மானம் எடுத்தது. அதன் பின்னால் இலங்கையின் அனுபவம் இருந்தது. ஐக்கிய நாடுகளின் வர்த்தக, அபிவிருத்தி மாநாட்டு அமைப்பு பிபிலேயைத் தன் ஆலோசகராக்கி, மற்ற நாடுகளிலும் இத்திட்டத்தை வகுக்க அனுப்பியது.

1977 ஜூலையில் இலங்கையில் ஆட்சி மாறியது. ஜே. ஆர். ஜயவர்த்தனவின் ஐக்கிய தேசியக் கட்சி பெரும்பான்மையோடு வந்து பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. அடுத்த மாதமே தமிழர்மீது வன்முறை கட்டவிழ்ந்ததை நாம் அறிவோம். மருந்துத் துறையில் நடந்ததோ சத்தமில்லாமல் நடந்தது. தனியார் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. வணிகப் பெயர்கள் திரும்பி வந்தன. கூட்டுத்தாபனம் இருந்தது, ஒசுசல இருந்தது. நாடு முழுவதுக்கும் ஒரே வாங்குபவர் என்ற பலம் மட்டும் போய்விட்டது.

அதே ஆண்டு செப்டெம்பர் 29ஆம் திகதி, ஐ.நா. பணிக்காகப் போயிருந்த கயானா நாட்டின் தலைநகர் ஜோர்ஜ்ரவுனில் பிபிலே காலமானார். அப்போது அவருக்கு வயது 57. இந்த மரணம் இயற்கையானதல்ல என்ற பேச்சு இலங்கையில் இன்றுவரை உண்டு. அதற்கு நிறுவப்பட்ட சான்று எதுவும் இல்லை. எனவே அதை நாமும் உண்மையென்று எழுதப் போவதில்லை. அவருடைய வேலையைச் சாய்க்க நடந்தவற்றுள் பகிரங்கமாகப் பதிவானவையே போதும். கடிதமும் தூதரின் வருகையும் வதந்திகள் அல்ல.

அவர் இறந்த அடுத்த மாதம், உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலைத் தயாரித்தது. அதில் இருந்தவை சுமார் 200 மருந்துகள்தான். ஒரு நாட்டுக்கு ஆயிரக்கணக்கான மருந்துப் பெயர்கள் வேண்டியதில்லை என்ற கருத்து உலகக் கொள்கையானது. 1982இல் வங்கதேசம் தன் மருந்துக் கொள்கையைக் கொண்டுவந்தபோது, அங்கும் அமெரிக்கத் தூதரகத்தில் இருந்து அழுத்தம் வந்தது. ஆனால் வங்கதேசம் அதைச் சட்டமாகவே பிறப்பித்திருந்தது. உள்நாட்டு மருந்துத் தொழில் அங்கே வளர்ந்தது.

இங்கேதான் பிபிலேயின் வாழ்க்கையில் இருந்து நாம் எடுக்கும் பாடம் இருக்கிறது. அவருடைய கணக்கு சரி, மருந்தியல் சரி. ஆனால் அவர் கட்டியது பெரும்பாலும் அரசின் கொள்கை முடிவுகள்மீது நின்றது. கூட்டுத்தாபனம்கூட, அரச கைத்தொழில் கூட்டுத்தாபனங்களுக்கான பழைய பொதுச் சட்டம் ஒன்றின்கீழ் அமைக்கப்பட்டது. எந்த மருந்து நாட்டுக்குள் வரலாம், தேவையும் விலையும் பார்த்து யார் அதைத் தீர்மானிப்பது என்று பாராளுமன்றம் அவருடைய காலத்தில் ஒரு முழுச் சட்டம் எழுதவில்லை. அமைச்சரின் முடிவில் நிற்பதை அடுத்த அமைச்சர் ஒரு கையெழுத்தில் மாற்றலாம். சட்டமாக நிற்பதை மாற்ற வேண்டுமானால் சபைக்கு வந்து, காரணம் சொல்லி, ஊர் பார்க்க வாக்களிக்க வேண்டும்.

எமது கனடாவிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1962இல் சஸ்கச்சுவான் மாகாணம் எல்லோருக்கும் மருத்துவக் காப்புறுதி தரும் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, மருத்துவர்கள் 23 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு சில இடங்களில் விட்டுக்கொடுத்தது. சட்டம் நின்றது. பின்பு அதுவே நாடு முழுவதுக்கும் பரவி, இன்று நாம் வைத்தியசாலைக்குக் காட்டும் மருத்துவ அட்டையாகியிருக்கிறது.

ஆனால் சட்டமும் தானாகக் காவல் நிற்காது என்பதைக் கனடாவின் மருந்துச் சட்டக் கதை சொல்கிறது. 1969இல் கனடா தன் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, காப்புரிமை உள்ள மருந்தையும் மற்ற நிறுவனங்கள் இறக்கி விற்க உரிமம் பெறலாம் என்றாக்கியது. உரிமையாளருக்கு 4 விழுக்காடு கட்டினால் போதும். இதனால் 1983இல் மட்டும் கனடியர்களுக்கு 211 மில்லியன் டொலர் மிச்சமானதாக, அரசு அமைத்த ஈஸ்ற்மன் ஆணைக்குழு கணக்கிட்டது. ஆனாலும் பெயர்பெற்ற மருந்து நிறுவனங்கள் ஒட்டாவாவில் தொடர்ந்து பேசின. அவற்றில் பல மொன்றியல் பகுதியில் இருந்தவை. காப்புரிமையைக் காத்தால் இங்கே ஆராய்ச்சியும் வேலையும் பெருகும் என்றன. மல்ரோனி அரசு 1987இல் அந்த உரிமத்தை வெட்டிக் குறைத்தது, 1993இல் முற்றாக நீக்கியது. பதிலுக்கு, விற்பனையின் 10 விழுக்காட்டை ஆராய்ச்சிக்குச் செலவிடுவதாக நிறுவனங்கள் வாக்குறுதி அளித்தன. சில ஆண்டுகள் அது நடந்தது. 2000களின் தொடக்கத்தில் இருந்து அந்த விகிதம் 10க்குக் கீழே இறங்கிவிட்டது. கர்க்லாண்டில் இருந்த மேர்க் புறொஸ்ற் ஆராய்ச்சி நிலையம், ஆஸ்துமாவுக்குப் பயன்படும் மொன்ரலூகாஸ்ற் போன்ற மருந்தைத் தந்த நிலையம், 2010இல் மூடப்பட்டது. வாக்குறுதி போய்விட்டது. அதற்காக மாற்றிய சட்டம் மட்டும் மிஞ்சியது.

பிபிலே காலத்தில் இலங்கைப் பிரதமருக்குக் கடிதம் எழுதிய அமெரிக்கச் சங்கத்தின் பின்கதையும் கேட்கத் தக்கது. அது பிற்காலத்தில் பார்மா என்ற புதிய பெயர் பெற்றது. 2003இல் அமெரிக்கக் காங்கிரஸ் முதியோருக்கு மருந்துக் காப்புறுதி தரும் சட்டம் இயற்றியபோது, அரசு மருந்து விலையைப் பேரம்பேசக் கூடாது என்ற விதியும் அதற்குள் எழுதப்பட்டது. நாடாக நின்று வாங்கும் பலம் என்று பிபிலே எதைச் சொன்னாரோ, அதையே அந்தச் சட்டம் தடுத்தது. அந்தச் சட்டத்தை நிறைவேற்றுவதில் முன்னின்ற குழுத் தலைவர்களுள் ஒருவரான பில்லி ரோசின், 2005இல் அதே பார்மா சங்கத்தின் தலைவர் பதவிக்குப் போனார். சில மருந்துகளுக்காவது பேரம்பேச இடம் கிடைக்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்படியென்றால் கதவை எப்படிக் காப்பது? அதற்கும் ஒரு விடை பிபிலே இறந்த அதே 1977இல், நாம் வாழும் மாகாணத்திலேயே பிறந்தது. அந்த ஓகஸ்டில் ரெனே லெவெக்கின் அரசு கட்சி நிதிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கியூபெக்கில் கட்சிகளுக்கு வாக்காளர் மட்டுமே பணம் கொடுக்கலாம். கம்பனியும் கொடுக்க முடியாது, தொழிற்சங்கமும் கொடுக்க முடியாது. மத்திய அரசு இதே வழிக்கு வர 2007 ஆயிற்று. ஊழியர்களின் பெயரில் கம்பனிகள் பணம் கொடுத்த முறைகேடுகள் பின்னர் வெளிவந்ததால், கியூபெக்கில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு கட்சிக்குக் கொடுக்கக்கூடிய தொகை 100 டொலராகக் குறைக்கப்பட்டது. அமைச்சர்களையும் அதிகாரிகளையும் சந்தித்துச் செல்வாக்குத் தேடுவோர் பகிரங்கப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்ற சட்டங்களும் வந்தன. இவை சந்திப்புகளை நிறுத்தவில்லை. ஆனால் யார் யாரைச் சந்தித்தார்கள் என்று தேடிப் பார்க்க எமக்கு வழி தந்திருக்கின்றன.

இலங்கையில் இந்தக் காவல்கள் மிகப் பிந்தியே வந்தன. பிபிலேயின் கொள்கைக்குச் சட்ட வடிவம் தரும் முயற்சி அரசுக்கு அரசு இழுபட்டு, அவர் இறந்து 38 ஆண்டுகளின் பின், 2015இல்தான் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டமாக நிறைவேறியது. 2016இல் 48 அத்தியாவசிய மருந்துகளுக்கு உச்ச விலை குறிக்கப்பட்டது. தேர்தல் செலவைக் கட்டுப்படுத்தும் சட்டமோ 2023இல்தான் வந்தது. 2022 நெருக்கடியில் ஊரில் மருந்து இல்லாமல் போனபோது, இங்கிருந்து பொதி கட்டி அனுப்பியவர்கள் நாம். அதன் பின், தரமற்ற மருந்துக் கொள்வனவு தொடர்பாக முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவரே 2024இல் கைதானார். அந்த விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. சட்டம் எழுதினால் மட்டும் போதாது, அதைக் காக்கும் கண்கள் வேண்டும் என்பதற்கு இது சாட்சி.

கனடாவில் தேசிய மருந்துக் காப்புத் திட்டத்துக்கான சட்டம் 2024 ஒக்ரோபரில் நிறைவேறியது. முதற்கட்டமாக அது நீரிழிவு மருந்துகளையும் கருத்தடை மருந்துகளையும் மட்டும் உள்ளடக்குகிறது. நீரிழிவு எம் சமூகத்தில் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. இந்தத் திட்டம் விரியுமா சுருங்குமா என்பது இனி வரும் பாராளுமன்றங்களில் முடிவாகும். அங்கே மருந்து நிறுவனங்கள் தங்கள் பக்கத்தைச் சொல்லப் போகின்றன. சொல்வது அவற்றின் உரிமை. எமது பக்கத்தை யார் சொல்வது?

எங்கள் சங்கங்கள் பாராளுமன்ற உறுப்பினரைப் பொங்கல் விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகின்றன. படம் எடுக்கிறோம், வழியனுப்புகிறோம். அடுத்த முறை அவரிடம் மருந்து விலையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு அனுப்பலாம். திட்டம் விரிவதற்கு வாக்களிப்பீர்களா என்று கேட்கலாம். இந்த ஆண்டு மருந்துத் துறை சார்பில் உங்களைச் சந்தித்தவர்கள் யார் என்றும் கேட்கலாம். இவற்றைக் கேட்க நாம் மருந்தியல் படித்திருக்க வேண்டியதில்லை.

பிபிலேக்கு அமைச்சரவையில் நண்பர்கள் இருந்தார்கள். கையில் சரியான கணக்கு இருந்தது. அந்தக் கொள்கையால் மலிவாக மருந்து வாங்கிய மக்கள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் அதைத் தங்களுடையது என்று சொல்லிக் காக்க அவர்கள் ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கவில்லை. அதனால்தான் ஒரு கையெழுத்தில் அது போனது. அடுத்த முறை கர்க்லாண்டைக் கடக்கும்போது அந்தப் பெயர்ப் பலகைகளோடு, 57 வயதில் ஜோர்ஜ்ரவுனில் இறந்துபோன அந்தப் பேராசிரியரையும் நினைத்துக்கொள்வோம். மருந்தாளர் மலிவான மருந்தைத் தரட்டுமா என்று கேட்டால், அம்மாவுக்கு அவருடைய கதையைச் சொல்லுவோம்.